கிருஷ்ணகிரியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ: பெற்றோரை எந்த வழியாக அனுப்புவது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தம்பி கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறார்; தம்பி மனைவிக்குப் பிரசவ நேரம். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் விமானத்தில் ஏறியதே இல்லை. டிக்கெட் தேடினால் டெல்லி வழி, துபாய் வழி, ஃபிராங்க்ஃபர்ட் வழி, சிங்கப்பூர் வழி, டோக்கியோ வழி என்று வரிசையாக வருகிறது. "எது குறைந்த தூரமோ அதையே எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. தூரம் ஒரு கணக்குதான். வயதானவர்களைப் பொறுத்தவரை, அந்தத் தூரம் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வழிகளை ஒப்பிடும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வீட்டு வாசலிலிருந்து மகன் வீட்டு வாசல் வரை ஆகும் மொத்த நேரம். இரண்டு, ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். மூன்று, விமானம் மாறும் இடத்தில் எவ்வளவு நடை, எத்தனை சோதனை, அங்கே என்ன மொழி. நான்கு, ஏதாவது தவறினால் பொறுப்பேற்பவர் யார். கட்டணத்தைக் கடைசியாக வைக்கிறேன். அது முக்கியம்தான். ஆனால் முதல் நான்கில் தேறாத டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்கு உதவாது.

பயணம் வீட்டில் தொடங்குகிறது

தேடலில் "23 மணி நேரம்" என்று காட்டுவது விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும் வரைதான். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு பெரிய பகுதி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் இன்னும் 50 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் இருப்பதால், ஓசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுவதும் கடந்தாக வேண்டும். நள்ளிரவில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். மாலை நேரத்தில் நான்கு மணி நேரத்தையும் தாண்டும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளை ஒட்டிய நாள்கள் என்றால் அத்திப்பள்ளியிலேயே வண்டிகள் நின்றுவிடும். நகரத்துக்குள் நுழைய விரும்பாதவர்கள் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொசகோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குப் போகிறார்கள். சாலையை நன்கு அறிந்த ஓட்டுநர் இருந்தால் அது நல்ல மாற்று.

வாசகியின் பெற்றோருக்கு இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தேன். விமானம் பின்னிரவு 2.30 மணிக்கு என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து மாலை 7 மணிக்கே கிளம்ப வேண்டும். ஏழரை மணி நேரம் அதிலேயே போகிறது. பிறகு பறப்பதும் மாறுவதும் சேர்ந்து 23 அல்லது 24 மணி. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, ஃப்ரீமாண்ட் வரை கார் என இன்னும் இரண்டரை மணி. மொத்தம் 33 மணி நேரத்துக்குக் குறையாது. இதில் தூரம் சற்றுக் குறைவான வழியால் மிச்சமாவது ஒரு மணியோ இரண்டு மணியோதான்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 12ஆம் தேதி பின்னிரவு 2.30 என்றால் வீட்டிலிருந்து 11ஆம் தேதி மாலையே கிளம்ப வேண்டும். 12ஆம் தேதி இரவு பெட்டியோடு போய், விமானம் நேற்றே போய்விட்டதை அறிந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். டிக்கெட் கைக்கு வந்ததும் நாள்காட்டியில் கிளம்பும் நாளையும் கிழமையையும் எழுதி வையுங்கள்.

ஐந்து வழிகளும் ஒரே பார்வையில்

கீழே உள்ளவை பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு, விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரங்கள், முழு எண்ணாக்கப்பட்டவை. விமானம் உண்மையில் பறக்கும் பாதை காற்றையும் வான்வெளி அனுமதியையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும். நேரம் போகும்போது ஆகும் உத்தேச அளவு. இடையில் காத்திருப்பது இதில் சேரவில்லை.

| வழி | முதல் பகுதி | இரண்டாம் பகுதி | மொத்தத் தூரம் | பறக்கும் நேரம் |
|---|---|---|---|---|
| டெல்லி | 1,700 கி.மீ., 2¾ மணி | 12,400 கி.மீ., 16 மணி | 14,100 கி.மீ. | 19 மணி |
| டோக்கியோ (நரிட்டா) | 6,700 கி.மீ., 8 மணி | 8,200 கி.மீ., 9½ மணி | 14,900 கி.மீ. | 17½ மணி |
| துபாய் | 2,700 கி.மீ., 4 மணி | 13,000 கி.மீ., 16 மணி | 15,700 கி.மீ. | 20 மணி |
| ஃபிராங்க்ஃபர்ட் | 7,400 கி.மீ., 10 மணி | 9,150 கி.மீ., 11½ மணி | 16,550 கி.மீ. | 21½ மணி |
| சிங்கப்பூர் | 3,200 கி.மீ., 4½ மணி | 13,600 கி.மீ., 15 மணி | 16,800 கி.மீ. | 19½ மணி |

சிங்கப்பூரையும் ஃபிராங்க்ஃபர்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் வழி தூரத்தில் அதிகம், நேரத்தில் குறைவு. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலமான உயர்காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஐரோப்பா வழியாக மேற்கே போகும் விமானம் அதே வகைக் காற்றுக்கு எதிராக முட்டிக்கொண்டு போகிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கமாக மாற்றியது. தூரம் 15,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் பயணம் பதினான்கரை மணி நேரமளவில் முடிந்தது. கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

பெங்களூரிலிருந்து இடையில் நிற்காமல் நேராகப் போகும் தூரத்தைவிட டெல்லி வழியில் வெறும் 100 கிலோமீட்டர்தான் கூடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. சற்றே கிழக்குச் சாய்ந்து வடக்கே ஏறி, சீனம், சைபீரியா, ஆர்க்டிக் ஓரம் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். டெல்லி கிட்டத்தட்ட அந்த நூலின் பக்கத்திலேயே இருக்கிறது.

இடையில் நிற்காத விமானம்

2021 ஜனவரியில் பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏர் இந்தியா நேரடிச் சேவையைத் தொடங்கியது. முதல் விமானத்தைச் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவப் பாதையில் ஓட்டி வந்து பெங்களூரில் இறக்கியவர்கள் முழுக்கப் பெண் விமானிகள். சுமார் 17 மணி நேரப் பறத்தல். விமானம் மாறும் பயமே இல்லை என்பதால், மொழி தெரியாமல் தனியாகப் போகும் பெற்றோருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் இத்தனை நீண்ட தடங்கள் எரிபொருள் விலை, வான்வெளித் தடை, விமானப் பற்றாக்குறை ஆகிய காரணங்களால் வருவதும் நிற்பதுமாக இருக்கும். நீங்கள் தேடும் தேதியில் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். இல்லாவிட்டால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். கால் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே 17 மணி நேர இருக்கைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

டெல்லி வழி

காகிதத்தில் இது குறுகிய வழி. உள்நாட்டு விமானத்தில் ஏறி, டெல்லியில் குடிநுழைவு முடித்து, நெடுவிமானத்தில் ஏற வேண்டும். இந்திய உணவு கிடைக்கும், வெளிநாட்டு விமான நிலையம் இடையில் இல்லை. குடிநுழைவு அதிகாரியிடம் பேச வேண்டியிருந்தாலும் நம் நாட்டு அதிகாரிதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியில் பனிமூட்டம் இறங்கினால் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், இணைப்பு தவறும். மற்றது நடை. உள்நாட்டுப் பகுதியிலிருந்து பன்னாட்டுப் பகுதிக்கு மாறி, குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை என்று நின்று நகர வேண்டும். மூன்றரை மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் பெற்றோருக்கு எடுக்க மாட்டேன். மார்ச் முதல் நவம்பர் வரை பயணம், உடன் ஒருவர் வருகிறார் என்றால் இது நல்ல தேர்வு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலர் பெங்களூரு – டெல்லி டிக்கெட்டை ஒரு மலிவு விமானத்தில் தனியாகவும், டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ டிக்கெட்டை வேறொன்றில் தனியாகவும் வாங்குகிறார்கள். என் அக்காவுக்கு அப்படித்தான் வாங்கிக் கொடுத்தோம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது விமான நிறுவனம், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்று சொல்லி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டது, பணம் திரும்பவில்லை. அக்கா அந்த இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிச்சம் பிடித்த தொகையைப் போல் பல மடங்கு புதிய டிக்கெட்டுக்குப் போனது. அதோடு, தனி உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டி எடை பொதுவாக 15 கிலோதான். அமெரிக்கா வரை ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள் அனுமதி. மிகைச் சுமைக் கட்டணத்தையும் சேர்த்தால் மலிவு என்பது கரைந்துவிடும். கிளம்பும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை ஒரே டிக்கெட், ஒரே பதிவு எண். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

துபாய், தோஹா வழி

கட்டணம் பல நேரங்களில் இங்கேதான் இறங்கி வரும், விமானங்களும் அதிகம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாள்தோறும் உண்டு என்பதால் ஒன்று தவறினாலும் அடுத்தது கிடைக்கும். மலையாளமும் தமிழும் இந்தியும் பேசுகிற ஊழியர்களைப் பார்க்க முடியும். சேலம், தருமபுரிப் பக்கத்து இளைஞர்கள் வேலைக்குப் போய்ப் பழகிய பாதை என்பதால் வீட்டில் யாராவது வழி சொல்லவும் இருப்பார்கள்.

குறை, நான் முதலில் சொன்ன அதே விஷயம். பயணம் தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது. நான்கு மணி நேரத்தில் ஒருமுறை இறங்கிக் கால் நீட்டினால், பிறகு 16 மணி நேரம் ஒரே இருக்கை. இடைத்தங்கல் இருந்தும் உடம்புக்குப் பெரிய ஆறுதல் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உடல்நலம் சரியாக இருப்பவர்களுக்கு அந்த அபாயம் சிறியது. சர்க்கரையும் வயதும் சேர்ந்தவர்கள் மருத்துவர் சொல்லும் இறுக்கக் காலுறை அணிந்து, நடைபாதை ஓரத்து இருக்கை கேட்டு வாங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

வளைகுடாவில் பதற்றம் வந்தால் வான்வெளி திடீரென மூடப்படும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹாவை நோக்கி வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. படிக்கப் போகும் மாணவர், வேலைக்குப் போகும் இளைஞர், செலவைக் குறைத்தே ஆக வேண்டிய குடும்பம் ஆகியோருக்கு இந்த வழியையே சொல்வேன்.

ஃபிராங்க்ஃபர்ட் வழி

பறக்கும் நேரத்தில் இதுதான் நீளமானது. ஆனால் 10 மணி, பதினொன்றரை மணி என்று கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிகிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு 16 மணி நேர இருக்கையைவிட இது எவ்வளவோ மேல். லண்டன், பாரிஸ் வழிகளும் இதே அமைப்புதான்.

ஐரோப்பிய விமான நிலையங்களில் வேலைநிறுத்தம் வந்தால் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகலாம். சைவ உணவை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் ரொட்டியும் பழமும்தான். டிக்கெட் தேடும்போது, ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கோ சிகாகோவோ போய் அங்கிருந்து இன்னொரு விமானம் என்று இரண்டு இடைத்தங்கல் உள்ளவையும் மலிவாக வரும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு, பெட்டியை எடுத்துச் சுங்கம் கடப்பது, மறுபடி பெட்டியை ஒப்படைப்பது எல்லாம் நடக்கும். ஆங்கிலம் தெரியாத இருவர், நான்கு பெட்டிகள், களைத்த உடம்பு: அந்த நிலையில் அவர்களை நிறுத்தக் கூடாது.

சிங்கப்பூர் வழி

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு. வழி தவறினாலும் தமிழில் கேட்க ஒருவர் கிடைப்பார் என்ற தைரியமே முதல்முறை போகிறவர்களுக்குப் பாதி பலம். முனையங்களுக்கு இடையே போக்குவரத்து எளிது, இருக்கைகள் வசதி. அடுத்த பகுதி 15 மணி நேரம் என்பதுதான் குறை. துபாய் வழியைப் போலவே பயணம் சீக்கிரம் பிரிந்துவிடுகிறது. உடம்பில் தொந்தரவு இல்லாமல், மொழிப் பயம் மட்டும் இருப்பவர்களுக்கு இது பொருத்தம்.

டோக்கியோ வழி

அட்டவணையில் மிகக் குறைந்த பறக்கும் நேரம், கிட்டத்தட்டச் சமமான இரு பகுதிகள், பின்னாலிருந்து தள்ளும் காற்று. என்னைக் கேட்டால் உடம்புக்கு மிக நல்ல வழி இதுதான். நம் ஊர்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். விமானங்கள் குறைவு, இணைப்பு சரியாக அமையும் நாளைத் தேடிப்பிடிக்க வேண்டும், சில நாள்களில் காத்திருப்பு நீளும். சைவ உணவு கிடைப்பது அரிது. கையில் கொஞ்சம் உணவு வைத்துக்கொள்ளுங்கள். உதவியாளரோடு சக்கர நாற்காலி பதிவு செய்துவிட்டால் மொழி பெரிய தடையாக இருக்காது.

பெங்களூரா, சென்னையா

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 250 கிலோமீட்டர், பெங்களூரைப் போல் இரு மடங்கு. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி நகரம் என்றால் பெங்களூருதான். ஊத்தங்கரை, அரூர், மொரப்பூர் பக்கத்தவர்களுக்குச் சென்னையும் சமமான தேர்வு. மொரப்பூரில் ரயில் ஏறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் நேராக விமான நிலையத்துக்கே போகலாம். பெங்களூரு நெரிசலில் கார் சிக்கிக்கொள்ளும் பதைப்பு இல்லை. அறிவிப்பும் விசாரிப்பும் தமிழில் நடக்கும். கட்டண வித்தியாசத்தைக் கணக்கிடும்போது வாடகைக் காரின் போகவர எரிபொருள், சுங்கச்சாவடி, கர்நாடக பெர்மிட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தொகை யாருடையது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எந்த வழியானாலும்

டிக்கெட் பதியும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்பதில் கூச்சமும் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கான உணவைக் குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. இங்கும் அங்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மகனின் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். கறிவேப்பிலையும் கூடாது. இரண்டையும் அமெரிக்கச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கேழ்வரகு மாவு, மசாலாப் பொடி, அப்பளம் போன்றவற்றைச் சுங்கத்தில் தெரிவித்துவிட்டுக் கொண்டுபோகலாம்.

திரும்பி வரும்போது பசிபிக் வழிகளில் காற்று எதிர்த்து வீசும். டோக்கியோ, சிங்கப்பூர்ப் பகுதிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும். சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடப்பதால், திங்கள்கிழமை கிளம்பியவர்கள் புதன்கிழமை வந்து இறங்குவார்கள்.

வாசகிக்கு என் பதில்: நேரடி விமானத்தின் 17 மணி நேர இருக்கை உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. முதலில் டோக்கியோ வழி இணைப்பு நான்கு மணி நேரக் காத்திருப்புக்குள் கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபிராங்க்ஃபர்ட், ஒரே டிக்கெட்டில். திரும்பும் நாளுக்குக் கார் சொல்லும்போது, டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "+2" (கிளம்பிய நாளிலிருந்து இரண்டு நாள் கழித்து) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதியைச் சொல்லுங்கள்.